குறைந்த சி.டி.4, இறங்காத எஸ்.ஜி.பி.டி: எச்.ஐ.வியுடன் வாழ்வோரும் ஹெபடைடிஸ் இ வைரஸும்

எச்.ஐ.விக்கான ஏ.ஆர்.டி கூட்டு மருந்து தரும் மையத்தில் தவறாமல் மாத்திரை வாங்கிச் செல்லும் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி அளவு இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ ஏறியிருந்தால், மருத்துவர் மனத்தில் சில கேள்விகள் வரிசையாக எழும். காசநோய் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா? குடிப்பழக்கம் உண்டா? ஏ.ஆர்.டி மருந்தே கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? ஹெபடைடிஸ் பி அல்லது சி இருக்குமா? கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்குமா? இந்த வரிசையில் ஹெபடைடிஸ் இ பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மஞ்சள் காமாலையாக வந்து, சில வாரங்கள் படுக்கையில் போட்டுவிட்டு, தானே போய்விடும் நோய் என்றே மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எச்.ஐ.வியுடன் வாழும் பெரும்பாலோருக்கு அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது என்பது 2009 முதல் தெரிந்த செய்தி. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் தாழ்ந்துபோன சிலரது உடலை விட்டு இந்த வைரஸ் போவதில்லை. கண் மஞ்சளாகாது, வயிறு வலிக்காது. ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், கல்லீரல் கெட்டுக்கொண்டே வரும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்த நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களை எப்படிக் கண்டறிவது என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். இதுவரை வந்த ஆய்வுகளைப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இது அரிய நோய், எச்.ஐ.வி உள்ள எல்லோரையும் சோதிக்கத் தேவையில்லை. சோதித்தே ஆகவேண்டிய சிலரைப் பொருத்தமற்ற சோதனையால் சோதித்து, இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து. இன்னொன்றும் உண்டு. இந்த இணை நோயைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே பரவும் வைரஸ் வகை வேறு, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவும் வகை வேறு. அங்கே கண்டதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

தண்ணீர் வழியும் இறைச்சி வழியும்

ஹெபடைடிஸ் இ-யின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1955 டிசம்பரில் தில்லி நகரக் குடிநீரில் யமுனை வழியாகச் சாக்கடை நீர் கலந்தது. அடுத்த சில வாரங்களில் 29,000-க்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். ஹெபடைடிஸ் ஏ என்றே அன்று கருதினார்கள். சேமித்து வைத்திருந்த அந்தக் காலத்து ரத்த மாதிரிகளைப் பிற்பாடு புதிய சோதனைகளால் ஆராய்ந்தபோது அது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று தெரிந்தது. 1978-இல் காஷ்மீரில் இதேபோன்றதொரு கொள்ளைநோய் மூண்டது. கர்ப்பிணிகள் அதிகமாக இறப்பதைக் கவனித்த மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ, அறியப்படாத வேறொரு வைரஸ் இருக்கிறது என்று 1980-இல் எழுதினார். சோவியத் வைரஸ் ஆய்வாளர் மிகயில் பலாயன் ஆப்கானிஸ்தானிலிருந்த படைவீரர்களின் மல மாதிரியிலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். பிறகு தம் மலத்திலேயே வைரஸ் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு, 1983-இல் அறிவித்தார். 1990-இல் வைரஸின் மரபணுப் பகுதி பிரித்தெடுக்கப்பட்டது.

இப்படி, ஏழை நாடுகளின் குடிநீரில் பரவும் நோய் என்ற சித்திரம் நிலைபெற்றது. ஆண்டுதோறும் சுமார் 2 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று ஏற்படுவதாகவும், அவர்களில் சுமார் 33 லட்சம் பேருக்கு நோய்க்குறிகள் தெரிவதாகவும், 2015-இல் ஏறத்தாழ 44,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இளம் வயதினரையே அதிகம் தாக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால் நூற்றில் இருபது முதல் இருபத்தைந்து பெண்கள் வரை உயிரிழக்கிறார்கள். அந்தச் சோகம் தனிக் கட்டுரைக்கு உரியது.

1997-இல் அமெரிக்கப் பன்றிகளிடம் மனித வைரஸை ஒத்த ஒரு வைரஸ் கிடைத்தபோது சித்திரம் மாறத் தொடங்கியது. 2003-இல் ஜப்பானில் மான் இறைச்சியைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு நோய் வந்தது. அவர்கள் உடலில் இருந்த வைரஸும், மிச்சம் வைத்திருந்த இறைச்சியில் இருந்த வைரஸும் ஒன்றாகவே இருந்தன. இன்று மனிதரைத் தாக்கும் வகைகளில் நான்கு முக்கியமானவை. 1-ஆம், 2-ஆம் வகைகள் மனிதரிடையே மட்டும், மாசுபட்ட நீர் வழியாகப் பரவுகின்றன. இந்தியாவில் மனிதரிடம் கிடைப்பது பெரும்பாலும் 1-ஆம் வகை. ஆப்பிரிக்காவில் 1-உம் 2-உம். 3-ஆம், 4-ஆம் வகைகள் பன்றி, காட்டுப்பன்றி, மான் போன்ற விலங்குகளுடையவை. சரியாக வேகாத இறைச்சி வழியாக மனிதருக்கு வருகின்றன. ஐரோப்பாவில் பரவலாக இருப்பது 3-ஆம் வகை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் எண்கள் புரியும்.

2008-உம் 2009-உம்

ஹெபடைடிஸ் இ தீராத நோயாகவும் மாறலாம் என்பது முதலில் எச்.ஐ.வி உள்ளவர்களிடம் தெரியவரவில்லை. பிரான்சின் துலூஸ் நகரில் நாசிம் கமார் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வுதான் தொடக்கம். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருந்த 14 பேருக்கு ஹெபடைடிஸ் இ வந்தது. அவர்களில் 8 பேருக்கு வைரஸ் போகவே இல்லை. அவ்வளவு காலம் பாடநூல்களில் இருந்த ஒரு வாக்கியம் அந்த ஆய்வோடு மாற்றி எழுதப்பட வேண்டியதாயிற்று.

அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இப்படியென்றால், எச்.ஐ.வியால் குறைந்தவர்களுக்கு? 2009-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலிருந்து ஹாரி டால்டன் குழுவினர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு எச்.ஐ.வி இருந்தது, எதிர்ப்புச் செல்களான சி.டி.4-இன் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது. பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது ஹெபடைடிஸ் இ வைரஸின் 3-ஆம் வகை ஓராண்டுக்கும் மேலாக அவர் ரத்தத்தில் இருந்துவந்தது தெரிந்தது. கை கால்களில் வலியும் மரத்துப்போதலும் இருந்தன. இப்படிப்பட்ட நரம்புத் தொல்லையை எச்.ஐ.வியின் கணக்கிலோ பழைய ஏ.ஆர்.டி மருந்துகளின் கணக்கிலோ எழுதிவிட்டுக் கடந்துபோவது எளிது. பின்னர் இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும் கொடுத்து வைரஸ் நீங்கியதும் நரம்புத் தொல்லையும் தணிந்தது. ஹெபடைடிஸ் இ நரம்பு மண்டலத்தையும் தாக்கக்கூடியது. கில்லன் பாரே நோய், தோள்பட்டை நரம்புக் கொத்தில் திடீரென வரும் கடும் வலி ஆகியவற்றோடு அதற்கு உள்ள தொடர்பு பிற்காலத்தில் பல நாடுகளிலிருந்து பதிவாயிற்று. ஒரே ஒரு மனிதரைப் பற்றிய அந்தக் குறிப்பு இரண்டு கதவுகளைத் திறந்தது. அதைத் தொடர்ந்து பிரான்ஸ், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து ஒன்றிரண்டாக இதே கதை வந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு: வகை 3, சி.டி.4 பெரும்பாலும் 200-க்குக் கீழே, எஸ்.ஜி.பி.டி சற்றே உயர்ந்து அங்கேயே நின்றிருக்கும். சிலருக்கு சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வரை போயிருந்தது.

ஏன் சி.டி.4? இந்த வைரஸ் கல்லீரல் செல்களைத் தானே கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு நம் எதிர்ப்புச் செல்கள் தாக்குகின்றன, காமாலையும் எஸ்.ஜி.பி.டி ஆயிரக்கணக்கில் ஏறுவதும் அந்தத் தாக்குதலின் விளைவு. அதே தாக்குதல்தான் வைரஸையும் ஒழிக்கிறது. சி.டி.4 செல்கள் அதை முன்னின்று நடத்துபவை. அவை குறைந்துபோனால் தாக்குதல் அரைகுறையாக நின்றுவிடும். செல்கள் கூட்டமாக அழிவதில்லை, வைரஸும் ஒழிவதில்லை. நாள்பட்ட தொற்றில் எஸ்.ஜி.பி.டி பெரும்பாலும் சில நூறுகளிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவரிடம் நோய் மிக அமைதியாக இருக்கிறது என்பதால், மருத்துவர் பதற்றப்படுவதற்கு எதுவும் தென்படுவதில்லை. ஒரு வருகை, அடுத்த வருகை, அதற்கடுத்த வருகை என்று காலம் போகிறது.

எத்தனை பேர்?

எச்.ஐ.வி உள்ளவர்களில் எத்தனை பேரிடம் ஹெபடைடிஸ் இ எதிர்ப்பொருள் இருக்கிறது, அதாவது எத்தனை பேர் எப்போதாவது இந்தத் தொற்றைச் சந்தித்திருக்கிறார்கள் என்று உலகெங்கும் கணக்கெடுத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில், காரணம் தெரியாமல் எஸ்.ஜி.பி.டி உயர்ந்திருந்த எச்.ஐ.வி நோயாளிகள் 735 பேரைப் பார்த்தபோது 2.6 விழுக்காடு. பார்சிலோனாவில் 238 பேரில் ஏறத்தாழ 9 விழுக்காடு. கானாவின் குமாசி நகரில் 45 விழுக்காடு.

இந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிட எனக்குத் துணிவில்லை. நாட்டுக்கு நாடு தண்ணீரும் உணவும் வேறு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், எதிர்ப்பொருளைத் தேடும் கிட்டுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவது. இங்கிலாந்தில் ஒரே 500 ரத்தக் கொடையாளர்களின் மாதிரியை இரண்டு கிட்டுகளால் சோதித்தார்கள். ஒன்றில் 3.6 விழுக்காடு, மற்றதில் 16.2 விழுக்காடு. ரத்தம் ஒன்று, மனிதர்கள் ஒன்று, விடை மட்டும் நான்கு மடங்குக்கு மேல் வேறு. பழைய கிட்டைக் கொண்டு நடந்த ஆய்வையும் புதிய கிட்டைக் கொண்டு நடந்த ஆய்வையும் ஒரே அட்டவணையில் போட்டு, இங்கே குறைவு, அங்கே அதிகம் என்று முடிவு சொல்லும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. அந்த அட்டவணைகளை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

ஒரே கிட்டைப் பயன்படுத்தி, ஒரே ஊரில், எச்.ஐ.வி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள்தான் நம்பத் தக்கவை. கார்ன்வாலில் அப்படிச் செய்தபோது இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத் தக்க வேறுபாடு இல்லை. பிற இடங்களிலிருந்து வந்த விடைகளில் முரண்பாடு இருந்தாலும், மொத்தத்தில் பார்த்தால் எச்.ஐ.வி இருப்பதாலேயே ஒருவருக்கு ஹெபடைடிஸ் இ தொற்றும் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்றே தெரிகிறது. அவர் குடிக்கும் தண்ணீரும் தின்னும் உணவும் ஊரார் குடிப்பதும் தின்பதும்தானே. உடலுறவு வழியாகப் பரவுமா என்ற ஐயத்துக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ அப்படிப் பரவிய சம்பவங்கள் பல உண்டு, இ-க்கு அப்படியில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி உள்ளவருக்கு வரும் ஒவ்வொரு நோய்க்கும் அவர் நடத்தையைக் காரணமாகக் காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை.

பார்சிலோனா ஆய்வில் ஒரு விவரம் கவனத்துக்குரியது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடம் எதிர்ப்பொருள் ஏறத்தாழ 23 விழுக்காடு. இல்லாதவர்களிடம் 6 விழுக்காடு அளவில். வைரஸ் தங்கியதால் கல்லீரல் சுருங்கியதா, சுருங்கிய கல்லீரல் உள்ளவர்களுக்குத் தொற்று எளிதில் வந்ததா? இவ்வகை ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

வைரஸ் நிஜமாகவே தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர் என்றால், எண் சட்டென்று சுருங்கிவிடுகிறது. சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது, சி.டி.4 குறைந்தவர்களிடம் வைரஸ் தங்கக்கூடும் என்பதைத்தான்; அத்தகையோர் மிகச் சிலர். ஆயிரக்கணக்கானோரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்விலும் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே கிடைத்தார்கள். ஏ.ஆர்.டி பரவலாகி, சி.டி.4 அடிமட்டத்துக்கு இறங்குவதற்குள் சிகிச்சை தொடங்கிவிடும் இந்நாளில் அது அரிதாக இருப்பதில் வியப்பில்லை. மறுபக்கமும் உண்டு: தாமதமாக நோய் தெரிந்து, சி.டி.4 ஐம்பதிலும் நூறிலும் இருக்கும்போது மருத்துவமனைக்கு வருபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஏ.ஆர்.டி ஒழுங்காக எடுத்து வைரல் லோட் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தும், சி.டி.4 ஏற மறுப்பவர்களும் உண்டு. இந்த இரு தரப்பினரைத்தான் தேட வேண்டும்.

எதிர்ப்பொருள் சோதனை ஏமாற்றும் இடம்

இங்கேதான் நடைமுறையின் முதல் சிக்கல். ஹெபடைடிஸ் இ இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகச் செய்வது ஐ.ஜி.எம் எதிர்ப்பொருள் சோதனை. உடல் எதிர்ப்பொருளைத் தயாரித்தால்தான் அந்தச் சோதனைக்கு விடை கிடைக்கும். சி.டி.4 மிகக் குறைந்தவருக்கு எதிர்ப்பொருள் உருவாக மாதக்கணக்கில் ஆகலாம், உருவாகாமலே போகலாம். வைரஸ் ரத்தத்தில் நிறைந்திருக்க, சோதனை 'நெகட்டிவ்' என்று வரும். ஐ.ஜி.எம் நெகட்டிவ் என்பது எதிர்ப்புச் சக்தி திடமாக இருப்பவரிடம் பெரிதும் நம்பத் தக்கது. யாரிடம் இந்த நோய் தங்கக்கூடுமோ அவரிடம்தான் அது மிகவும் நம்பத் தகாதது.

ஆகவே வைரஸின் ஆர்.என்.ஏ-வைத் தேடும் பி.சி.ஆர் சோதனை தேவை. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, எதிர்ப்புச் சக்தி குறைந்து கல்லீரல் சோதனைகள் பிசகியிருக்கும் எவருக்கும் எதிர்ப்பொருளோடு ஆர்.என்.ஏ-வையும் பார்க்கச் சொல்கிறது. இதில் ஒரு துணை எச்சரிக்கையும் உண்டு. 2018-இல் ஹாங்காங்கில், கல்லீரல் மாற்று செய்துகொண்ட ஒருவரிடம் எலிகளுக்கு உரிய ஹெபடைடிஸ் இ வைரஸ் கிடைத்தது. வழக்கமான பி.சி.ஆர் சோதனைகள் அந்த வைரஸைத் தவறவிடக்கூடியவை.

இரண்டாவது சிக்கல் மருந்துகள் பற்றியது. இதை நம் ஊர் மருத்துவமனைகளோடு நேரடித் தொடர்புடையதாகக் கருதுகிறேன். எச்.ஐ.வி உள்ளவர் கல்லீரலைச் சோதிக்கும் மருந்துகள் பலவற்றைச் சாப்பிடுபவர். காசநோய் இருந்தால் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. முன்பு பரவலாக இருந்த நெவிரபின், சி.டி.4 அதிகமாக உள்ள பெண்களுக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பைத் தந்தது. எனவே எஸ்.ஜி.பி.டி ஏறினால் மருந்தைச் சந்தேகிப்பது இயல்பு, பல வேளைகளில் சரியும்கூட. ஆனால் அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் பாதிப்பு என்று பதிவான 318 பேரின் ரத்தத்தை மறுபடி சோதித்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. 9 பேரிடம் ஹெபடைடிஸ் இ-யின் ஐ.ஜி.எம் இருந்தது. அந்த ஒன்பது பேரில் எச்.ஐ.வி உள்ளோரின் பங்கு மற்றவர்களைவிட அதிகம். மூன்று விழுக்காடு சிறிய எண்தான். ஆனால் அது நடந்தது குடிநீர் சுத்தமாக இருக்கும் நாட்டில்.

மருந்தின் மேல் பழி தவறாக விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காசநோய் மருந்து பாதியில் நிற்கும், அல்லது வீரியம் குறைந்த மருந்துக்கு மாறும். ஏ.ஆர்.டி கூட்டு மாற்றப்படும். நோயாளிக்கும் மாத்திரை மேல் அச்சம் வந்துவிடும். காமாலை வந்தால் கீழாநெல்லி சாப்பிட்டுப் பத்தியம் இருக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. ஹெபடைடிஸ் இ பெரும்பாலோருக்குத் தானே தீர்ந்துவிடுவதால் அந்த நம்பிக்கை ஆண்டுதோறும் உறுதிப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. பத்தியத்தோடு 'இங்கிலீஷ் மருந்தை' நிறுத்தும் பழக்கமும் சேர்ந்து வரும்போதுதான் எச்.ஐ.வி உள்ளவருக்கு ஆபத்து. ஏ.ஆர்.டி நின்றால் எச்.ஐ.வி மறுபடி பெருகும். அவருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் எச்.ஐ.வியோடு பி வைரஸையும் அடக்கி வைத்திருப்பவை. அவை திடீரென்று நின்றால் பி வைரஸ் சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம். காமாலை என்று வரும் ஏ.ஆர்.டி பயனாளியிடம் முதலில் கேட்கவேண்டியது, மாத்திரையை நிறுத்தினீர்களா என்பதுதான்.

இந்தியாவும் ஆப்பிரிக்காவும்

இந்தியாவில் எச்.ஐ.வியுடன் வாழ்வோர் சுமார் 25 லட்சம் பேர். 1986-இல் சென்னையில் சுனீதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளிலிருந்துதான் இந்நாட்டில் எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தது. 2004-இல் அரசு இலவச ஏ.ஆர்.டி தொடங்கியது, 2017-இல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் எச்.ஐ.வி உறுதியானவுடன் சிகிச்சை என்ற கொள்கை வந்தது. ஹெபடைடிஸ் இ-யோ இந்நாட்டில் கடும் காமாலைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 1991-இல் கான்பூரில் மட்டும் சுமார் 79,000 பேருக்கு வந்ததாக மதிப்பிட்டார்கள். எச்.ஐ.வி ஒரு பக்கம், ஹெபடைடிஸ் இ மறுபக்கம். அப்படியானால் இரண்டும் சேர்ந்து நாள்பட்ட கல்லீரல் நோய் ஏராளமாக இருக்க வேண்டுமே?

அப்படி இருப்பதாகத் தெரியவில்லை. வைரஸ் வகைதான் காரணம் என்று நினைக்க இடமிருக்கிறது. உலகில் பதிவான நாள்பட்ட ஹெபடைடிஸ் இ ஏறக்குறைய எல்லாமே 3-ஆம் வகை. சில 4-ஆம் வகை. நீர் வழியே வரும் 1-ஆம் வகை தங்கிவிட்டதாக வந்த செய்திகள் மிக அரிய விதிவிலக்குகள். லக்னோவின் சஞ்சய் காந்தி முதுகலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களிடம் தேடியபோது தொற்று தங்கியதற்கான சான்று கிடைக்கவில்லை. துலூஸில் 14 பேரில் 8 பேருக்குத் தங்கிய வைரஸ், ஹெபடைடிஸ் இ-யின் சொந்த ஊர் போன்ற வட இந்தியாவில் தங்கவில்லை. இந்தியப் பன்றிகளிடம் கிடைப்பது 4-ஆம் வகை. மனிதரிடம் 1-ஆம் வகை. விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் வழி இங்கே பெரிதாகத் திறக்கவில்லை என்பதையே இது காட்டுகிறது. வகை 1 ஏன் தங்குவதில்லை என்பதற்கு உறுதியான விளக்கம் இன்னும் வரவில்லை.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தங்காத வைரஸும் கொல்லும். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கிய ஒருவருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் இ தொற்றினால், தாங்கிக்கொண்டிருந்த கல்லீரல் சில நாட்களில் கைவிட்டுவிடலாம். இந்திய மருத்துவமனைகளில் இது பழக்கப்பட்ட காட்சி. எச்.ஐ.வி உள்ளவர்களில் பி அல்லது சி வைரஸும் சேர்ந்து இருப்பவர்கள், மதுவால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் ஊர் வகை 1 வைரஸே போதும். ஐரோப்பாவின் கவலை நாள்பட்ட தொற்று. நம் கவலை, பழுதுபட்ட கல்லீரலின் மேல் விழும் திடீர் அடி. இவ்விரண்டையும் ஒரே தலைப்பின் கீழ்ப் பேசும்போது பின்னது மறைந்துபோகிறது.

ஆப்பிரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. எச்.ஐ.வி உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சகாராவுக்குத் தெற்கே வாழ்கிறார்கள். 2017-இன் இறுதியில் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கின் ஓரத்தில் ஹவானா, கோரெங்காப் ஆகிய குடிசைப் பகுதிகளில் ஹெபடைடிஸ் இ மூண்டு, நாடு முழுக்கப் பரவி, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் போதாத குடியிருப்புகள் அவை. நமீபியாவில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி உண்டு. இரு நோய்களும் ஒரே வீட்டில் சந்திக்கும் இத்தகைய இடங்களில், சி.டி.4 குறைந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, மாதங்கள் கழித்தும் ஆர்.என்.ஏ சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளே தேவை. கொள்ளைநோய்க் காலத்தில் எண்ணப்படுவது காமாலையும் சாவும்தான். காமாலை இல்லாமல் தங்கும் நோய் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சிகிச்சை

நாள்பட்ட ஹெபடைடிஸ் இ-க்கு மருந்து உண்டு என்பதே தேடுவதற்கான வலுவான காரணம். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைச் சற்றுத் தளர்த்தினாலே சிலருக்கு வைரஸ் போய்விடுகிறது. எச்.ஐ.வியில் அதற்கு இணையானது ஏ.ஆர்.டி: சி.டி.4 ஏறும்போது உடல் தானே வைரஸை ஒழித்துவிட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மூன்று மாதங்களுக்குப் பிறகும் வைரஸ் போகாவிட்டால் ரிபாவிரின். கமார் குழுவினர் 2014-இல் எழுதியதன்படி, ரிபாவிரின் எடுத்த உறுப்பு மாற்று நோயாளிகள் 59 பேரில் 78 விழுக்காட்டினருக்கு வைரஸ் நிரந்தரமாக நீங்கியது. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு இத்தனை பெரிய கணக்கு இல்லை. தனித்தனி நோயாளிகளின் அனுபவங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ரத்தத்தோடு மலத்திலும் வைரஸ் இல்லையென்று உறுதிசெய்த பிறகே மருந்தை நிறுத்த வேண்டும் என்பது வழிகாட்டிகளின் அறிவுரை.

ரிபாவிரின் சிவப்பணுக்களை அழித்து ரத்தசோகை உண்டாக்கும். ஜிடோவுடினும் ரத்தசோகை தரும் மருந்துதான். இரண்டையும் சேர்த்துத் தரக் கூடாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் வந்துவிட்ட பிறகு இந்த மோதல் குறைந்திருக்கிறது. என்றாலும் ஜிடோவுடினில் தொடர்பவர்கள் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ரிபாவிரின் ஆகாது. சி-க்கு அற்புதம் செய்த சோஃபோஸ்புவிர் தனியாக இ-யிடம் பலிக்கவில்லை. ஜெர்மனியில் நடந்த சிறு சோதனையில் வைரஸ் குறைந்ததே தவிர யாருக்கும் நிரந்தரமாக நீங்கவில்லை.

தடுப்பூசி

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், பன்றி இறைச்சியையும் ஈரலையும் உள்வரை வேகவைத்துத் தின்பதும் எச்.ஐ.வி உள்ளவருக்குச் சொல்ல வேண்டிய எளிய புத்திமதிகள். ஆனால் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் போகும் தெருவில் குடியிருப்பவரிடம் அதை மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. தடுப்பூசி இருக்கிறது. சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்து, 2011-இல் அந்நாட்டில் உரிமம் பெற்ற ஹெக்கோலின், நாலரை ஆண்டுகளில் ஏறத்தாழ 87 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. மூன்று ஊசிகள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அதற்கு முன்பே நேபாள ராணுவ வீரர்களிடம் சோதித்து நல்ல பலன் தந்த இன்னொரு தடுப்பூசி, 2007-இல் முடிவு வெளியான பிறகும் விற்பனைக்கு வரவே இல்லை. 2022-இல் தென் சூடானின் பென்டியு முகாமில்தான் ஹெக்கோலின் முதன்முறையாக ஒரு கொள்ளைநோயை அடக்கப் பயன்பட்டது. பெரும் சோதனைகள் நலமாக உள்ளவர்களிடமே நடந்தன, சி.டி.4 குறைந்தவர்களிடம் எத்தனை ஊசிகள் தேவைப்படும், பாதுகாப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தனியாக ஆராய வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எச்.ஐ.வி உள்ளவர்களிடம் சரியாக எடுக்காமல், அளவை இரட்டிப்பாக்க வேண்டிவந்த அனுபவம் நம்முன் இருக்கிறது.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஹெபடைடிஸ் இ-யையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. ஏ.ஆர்.டி மையங்களும் நாடெங்கும் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்து ஓர் ஆய்வு செய்வது கடினமில்லை. எச்.ஐ.வி உள்ள எல்லோரையும் அழைக்க வேண்டாம். சி.டி.4 200-க்குக் கீழே, எஸ்.ஜி.பி.டி மூன்று மாதங்களாக உயர்ந்தே இருப்பது, பி-யும் சி-யும் இல்லை, குடிப்பழக்கம் இல்லை: இந்த நான்கும் பொருந்துபவர்களிடம் மட்டும் ஆர்.என்.ஏ பார்க்கலாம். விளக்கம் கிடைக்காத நரம்பு வலி உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வைரஸ் கிடைத்தால் அதன் வகையைப் பிரித்துப் பார்த்து, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். வகை 1 தங்குவதில்லை என்ற கருத்து நிற்குமா விழுமா என்பது அங்கே தெரியும். பன்றிகளிடமுள்ள வகை 4 மனிதரிடம் கிடைத்தால், வடகிழக்கு மாநிலங்கள் போன்ற பன்றி இறைச்சி அன்றாட உணவாக உள்ள பகுதிகளில் தேடலை விரிவாக்க வேண்டியிருக்கும். ஒருவரிடமும் கிடைக்காவிட்டால், அதையும் எழுதி வெளியிட வேண்டும். மருத்துவர் தம் சந்தேக வரிசையிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்று தெரிந்துகொள்வதற்கு அந்த விடையும் தேவை.